திருமலைக் கடலில் கிடந்த ‘சகாயிங்’

“யப்பான்காரன் குண்டு போட்ட காலம்” என்று திருகோணமலைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குண்டில் அகப்பட்ட ஒரு கப்பலின் கதை இது.

‘சகாயிங்’ பிரித்தானியாவின் ஹென்டர்சன் கம்பனியின் நீராவிக் கப்பல். 1924 இல் ஸ்கொட்லாந்தில் கட்டப்பட்டது. நீளம் 452 அடி, ஏறத்தாழ 8,000 தொன். சரக்கோடு பயணிகளையும் ஏற்றும். கம்பனியின் பிழைப்பே ரங்கூன் பயணந்தான் என்பதால், பர்மாவில் ஐராவதிக் கரையிலுள்ள ஊரொன்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்தது. அடுத்த மாதம் ரங்கூனும் போயிற்று. அதன்பின் ஆங்கிலேயருக்குத் திருமலைத் துறைமுகம் பெரிய ஆதாரம். எண்ணெய்க் குதங்களும் விமானத்தளமும் அங்கே சீனன்குடாவில் இருந்தன. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று யப்பானியர் முதலில் கொழும்பைத் தாக்கினார்கள். சனம் கூட்டங் கூட்டமாக நகரை விட்டு ஓடியது. குண்டுக்குப் பயந்து மூட்டை கட்டுவது எங்கள் தலைமுறையோடு தொடங்கிய சங்கதியல்ல.

ஏப்ரல் 9 காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருமலைக்கு மேல் வந்தன. துறைமுகத்துள் நின்ற சகாயிங் குண்டுபட்டுத் தீப்பற்றியது. மாலுமிகள் அதைக் கைவிட்டார்கள். தாக்குதல் வரப்போவதை அறிந்து முதல்நாள் இரவே வெளியே அனுப்பப்பட்ட ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. அதே காலையில் மட்டக்களப்புக்கு அப்பால் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. உள்ளே நின்றாலும் குண்டு, வெளியே போனாலும் குண்டு.

எரிந்த சகாயிங்கை ஆங்கிலேயர் வீணாக விடவில்லை. 1943 ஆகஸ்டில் அதன் கூட்டை இறங்குதுறையாகப் பயன்படுத்தவென்று தாழ்த்தினார்கள். பிறகு சுதந்திரம் வந்தது, கலவரங்கள் வந்தன, எங்கள் யுத்தமும் வந்து முடிந்தது. கப்பல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

2017 செப்டெம்பரில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதைத் தூக்கத் தொடங்கினார்கள். கடற்படை என்றதும் எம்மில் பலருக்கு வேறு நினைவுகள் வரும். எனக்கும்தான். ஆனாலும் இந்த வேலை பெரிய வேலை. கூட்டைப் பலப்படுத்தி, சிதைந்துபோன பக்கங்களுக்குப் பதிலாகச் செயற்கைப் பக்கம் அமைத்து, உள்ளிருந்த நீரை இறைத்து, 2018 மார்ச் 22 இல் மிதக்கவிட்டார்கள். முசஃபாவில் இரும்புத் தகட்டோடு மாரடிக்கும் எங்களுக்கு, உப்புக்காற்றே இரும்பை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். உப்புத் தண்ணீரில் முக்கால் நூற்றாண்டு கிடந்த தகடு திரும்ப மிதந்ததென்பது சும்மா விசயமல்ல.

நான் வாசித்தவற்றில் கப்பல்களின் பெயரும் தொன் கணக்கும் நிறைய உண்டு. அன்று காலை திருமலைச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடியது என்பது குறைவு. உங்கள் அம்மம்மாவோ அப்பப்பாவோ அதைப்பற்றி ஏதும் சொல்லியிருந்தால், பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்து இந்தச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள்.