கார் ஏசி கேஸ் வருஷா வருஷம் தீர்ந்துபோகுமா?

போன மே மாசம் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். விராலிமலை தாண்டியதும் ஏசியில் வெதுவெதுப்பான காற்று வர ஆரம்பித்தது. பின் சீட்டில் அப்பா. 74 வயசு, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கண்ணாடியை இறக்கினால் அனல். துவரங்குறிச்சியில் மரத்தடியில் நிறுத்தி, மோர் வாங்கிக் கொடுத்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு ஒருவழியாக மதுரை சேர்ந்தோம்.

எரிச்சல் எதுக்குன்னா, இரண்டு மாசம் முன்னாடிதான் கேஸ் நிரப்பியிருந்தேன். அதுக்கு முந்தின வருஷமும் நிரப்பினேன். இரண்டு தடவையும் ஒரே வசனம்: "கேஸ் கம்மியா இருக்கு சார், வருஷா வருஷம் டாப்-அப் பண்ணணும்." பெட்ரோல் மாதிரி அதுவும் செலவாகும்போலன்னு நம்பிட்டேன். ஊர் திரும்பியதும் உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டது இது.

கேஸ் செலவாகாது

கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது, அது சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளியே விட்டு திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய வால்வு வழியாகப் போகும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில், காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி மறுபடி கேஸாகிறது. மறுபடி கம்ப்ரசர். சுற்றிச் சுற்றி அதே கேஸ்தான். எரிந்து தீர்வதற்கு இதில் ஒன்றுமே இல்லை.

வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் கேஸ் போடுறோமா என்ன? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபிரிட்ஜில் எல்லாம் பற்றவைத்து மூடிய குழாய்கள். காரிலோ பெரும்பாலும் எஞ்சின் பெல்ட்தான் கம்ப்ரசரைச் சுற்றுகிறது. அதன் தண்டு ஒரு சீல் வழியாக வெளியே வந்தாக வேண்டும். எஞ்சின் ஆடுவதால் ரப்பர் குழாய்கள், இணைப்புக்கு இணைப்பு ரப்பர் வளையங்கள். இவற்றின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பல வருஷத்தில் சற்றுக் குறைவது இயல்பு. ஒரே வருஷத்தில் கூலிங்கே போய்விட்டால் எங்கேயோ ஓட்டை.

கேஜ் எவ்வளவு சொல்லும்?

சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்க. பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரியும். உள்ளே திரவம் கொஞ்சம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது இல்லை. அதனால்தான் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம். கார் ஏசி நின்றிருக்கும்போதும் இதே கதை. ஓடும்போது கேஜ் காட்டும் எண்களை வைத்துக் கோளாறை ஊகிக்கலாம், ஆனால் எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சரியான வழி: பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, வேக்குவம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் நீக்கி, எடை போட்டு நிரப்புவது. எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பானட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் கார்களுக்கு அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். கூடினாலும் கூலிங் குறையும்.

டாப்-அப் ஏன் ஆபத்து?

கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் சரியாகத் திரும்பி வராது. கசிவு வழியாக ஆயிலும் போகும். ஓட்டையை அடைக்காமல் நிரப்பி நிரப்பி ஓட்டினால் ஒருநாள் கம்ப்ரசர் தேய்ந்து, இரும்புத்தூள் குழாயெல்லாம் பரவும். அப்புறம் வரும் பில் வேற லெவல். இன்னொன்று: இப்போது ஓடும் பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். 400 கிராம் கசிந்தாலே அரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

என் காரில் ஓட்டை எங்கே தெரியுமா? கேஸ் நிரப்பும் வால்விலேயே. டயர் வால்வு மாதிரி ஒரு பின். அதன் மூடியையும் காணோம். வேறொரு மெக்கானிக் சோப்பு நுரை வைத்தார், குமிழ் குமிழாக வந்தது. மாற்றிய பாகத்தின் விலை ஒரு பிரியாணி விலைகூட இல்லை.

அப்போ எப்போ சர்வீஸ்?

வருஷத்துக்கு ஒருமுறை கேபின் ஃபில்டரைப் பாருங்க. கண்டென்சரில் அடைந்த தூசி, பூச்சியை மெதுவான தண்ணீரில் கழுவுங்க. மற்றபடி அறிகுறி வந்தால்தான்:

- காற்றே குறைவாக வந்தால்: முதலில் ஃபில்டர்.
- ஓடும்போது குளிர், சிக்னலில் நின்றால் இல்லை என்றால்: கண்டென்சர் அழுக்கு அல்லது ஃபேன்.
- புளிச்ச வாடை வந்தால்: கூலிங் காயிலில் பூஞ்சை.
- காருக்குள் கால்மிதியில் தண்ணீர் இருந்தால்: வடிகுழாய் அடைப்பு. காருக்கு அடியில் சொட்டினால் அது நல்லதுதான்.
- கம்ப்ரசர் டக் டக்கென்று அடிக்கடி விழுந்து எழுந்தாலோ, இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரிந்தாலோ: கசிவாக இருக்கலாம்.

எந்த அறிகுறியும் இல்லையா? திறக்கவே வேண்டாம். கேஜை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேஸ் போகும்.

கேஸ் போடத்தான் வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்க. கசிவு எங்கேன்னு பார்த்தீங்களா? வேக்குவம் போட்டுட்டு, அது இறங்காம நிக்குதான்னு பார்த்தீங்களா? எத்தனை கிராம் போட்டீங்க?

இப்போ நான் செய்வது, சரிசெய்த அன்றே ஆரம்பித்த ஒரு சின்ன வேலை. நிழலில் நிறுத்தி, உள்காற்று சுற்றும்படி வைத்து, பத்து நிமிஷம் ஏசி ஓடியதும் நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, அந்த எண்ணையும் வெளியே எவ்வளவு வெயில் என்பதையும் டைரியில் எழுதிக்கொள்வது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை. இந்த மார்ச்சில் பார்த்தேன், எண் மாறவில்லை. ஆயில் மாற்றப் போன இடத்தில் "கேஸும் செக் பண்ணிடலாமா சார்?" என்றார்கள். வேண்டாம்ணே என்று சொல்லிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி மதுரை. அப்பாவும் வருகிறார். மோர் மட்டும் எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.