தாடை முரண்பாடும் அதன் திருத்தமும்

நாடி முன்னே நீண்டவரையும் பல் மிதந்தவரையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பது நமது சமூகத்தில் பழகிப்போன வழக்கம். பாடசாலையில் தொடங்கும் இக்கேலி திருமணப் பேச்சு வரை தொடர்கிறது. பாதிக்கப்பட்டவரோ வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கப் பழகி, இது தம் தலையெழுத்து என்று அமைதி கொள்கிறார். ஆயின் இது எழுத்துமன்று, தண்டனையுமன்று. இரு என்புகளின் வளர்ச்சியில் நேர்ந்த ஏற்றத்தாழ்வே ஆகும். அதனை அளப்பது எங்ஙனம், திருத்துவது எங்ஙனம், அத்திருத்தத்திற்காக நோயாளி ஏற்கவேண்டியவை யாவை என்பவற்றை இங்கு நோக்குவோம்.

பல்லின் குறையும் என்பின் குறையும்

1899ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள், மேல், கீழ் முதற் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையைக் கொண்டு பற்பொருத்தக் குறைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இவ்வகுப்பீடு இன்றும் பயன்படுகிறது. ஆயினும் அது பற்களின் நிலையையே கூறும். அவற்றைத் தாங்கும் தாடைகளின் நிலையைக் கூறாது. பற்கள் மட்டும் பிசகியிருப்பின் கம்பி பூட்டி நகர்த்தினாற் போதும். தாடையே நீண்டோ குறுகியோ இருப்பின் பல்லை நகர்த்துவது, சுவர் சரிந்த வீட்டில் யன்னலை மட்டும் நேராக்குவதை ஒக்கும். இவ்விரண்டையும் அளவையால் வேறுபடுத்த வழிசெய்தது, 1931இல் அமெரிக்காவில் புரோட்பென்றும் ஜேர்மனியில் ஹோவ்றாத்தும் தனித்தனியே அறிமுகஞ்செய்த, தலையை நிலைநிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்-கதிர்ப்படம் எடுக்கும் முறையாகும்.

வளரும் பிள்ளையிடத்துச் சில சாதனங்களால் தாடை வளர்ச்சியை ஓரளவு நெறிப்படுத்தலாம். வளர்ச்சி முடிந்தபின், சிறு வேறுபாட்டைப் பற்களை நகர்த்தி மறைக்கலாம். வேறுபாடு பெரிதாயின் பல்சீராக்கமும் சத்திரசிகிச்சையும் இணைந்த முறையே எஞ்சுகிறது.

சத்திரசிகிச்சை வளர்ந்த வரலாறு

1849இல் அமெரிக்காவில் சைமன் ஹலிஹென், தீக்காய வடுவினால் கீழ்த்தாடை உருத்திரிந்த ஓர் இளம்பெண்ணுக்கு அத்தாடையை வெட்டித் திருத்தினார். இத்துறையின் முதற் பதிவாக இதுவே கொள்ளப்படுகிறது. 1927இல் ஜேர்மனியரான வாஸ்முண்ட் மேற்றாடையைப் பல்வேர்களுக்கு மேலே கிடையாக வெட்டினார். 1957இல் ட்ரௌனரும் ஒப்வெகேசரும், வாயினுள்ளிருந்தே கீழ்த்தாடையின் பின்புறத்தை இரு தகடுகளாகப் பிளந்து நகர்த்தும் முறையை விரிவாக விளக்கினர். பிளந்த தகடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி நகர்வதால், தாடையை முன்னே கொணரினும் பின்னே தள்ளினும் என்போடு என்பு பரந்து தொட்டிருக்கும். ஆதலின் எளிதிற் பொருந்தும். முகத்தில் வடுவும் விழாது.

வெட்டிய மேற்றாடை குருதியின்றி இறந்துபடாதா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. 1970களில் வில்லியம் பெல் குரங்குகளில் நடத்திய பரிசோதனைகள், அண்ணத்தினதும் முரசினதும் மென்னிழையம் காக்கப்படின் அவற்றினூடே போதிய குருதி செல்லும் என்று காட்டின. அதன் பின்னரே இச்சிகிச்சை துணிவுடன் பரவலாயிற்று.

ஏன் முதலிற் பல்சீராக்கம்?

நோயாளிகள் பெரிதும் குழம்புவது இவ்விடத்திலேயே. தாடைகள் பொருந்தாதபோது பற்கள் தாமாகவே சாய்ந்து அக்குறையை ஈடுசெய்ய முயல்கின்றன. கீழ்த்தாடை நீண்டவரிடத்துக் கீழ் முன்பற்கள் உள்நோக்கியும் மேல் முன்பற்கள் வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும். இந்நிலையில் தாடையைப் பின்தள்ளினால், என்பு உரிய இடத்தை அடையுமுன்னரே பற்கள் மோதிக்கொள்ளும். ஆதலால் பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை, ஒவ்வொரு பல்லும் தன் சொந்தத் தாடையில் நேராக நிறுத்தப்படுகிறது. அதன் விளைவாகக் கடி மேலும் மோசமாகிறது. முகக்குறை முன்னிலும் துலங்கித் தெரிகிறது. இதனை முன்கூட்டியே விளக்காவிடின், நோயாளி சிகிச்சை தோற்றதென எண்ணி இடைவழியில் விட்டுவிட நேரும். சத்திரசிகிச்சையை முதலிற் செய்து பின்னர் பற்களைச் சீராக்கும் முறையும் அண்மைக்காலத்தில் தெரிந்தெடுத்த சிலருக்குக் கையாளப்படுகிறது.

சத்திரசிகிச்சைக்கு முன் மாதிரிகளிலோ கணினியிலோ ஒத்திகை பார்த்து, தாடை நிற்கவேண்டிய இடம் வரையறுக்கப்படும். முன்னர் மேல், கீழ்ப் பற்களை ஏறத்தாழ ஆறு கிழமைகள் கம்பியாற் பிணைத்து வைத்தனர். இன்று தைத்தேனியத் தகடுகளும் திருகாணிகளும் என்பைத் தாங்குகின்றன. சில மாதங்கள் நீடிக்கும் இறுதிப் பல்சீராக்கத்தோடு சிகிச்சை நிறைவுறும்.

விலையும் பொறுப்பும்

கீழ்த்தாடையினுள் ஓடும் நரம்பு கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வளிப்பது. அத்தாடையைப் பிளக்கையில் இந்நரம்பு அதிர்வுறுவதால் பலருக்கு உடனடியாக விறைப்பு உண்டாகிறது; பெரும்பாலும் மாதங்களில் அது குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். தாடை ஓரளவு பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. இவற்றை அறிந்து பெறப்படும் சம்மதமே சம்மதமாகும்.

நமது நாட்டோடு தொடர்புடைய ஓர் ஆய்வையும் இங்குக் குறிப்பிடல் தகும். 1984 முதல் மைக்கல் மார்ஸ் குழுவினர், காலியை மையமாகக் கொண்டு, உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் திருத்தப்படாமலே வளர்ந்தவர்களை ஆராய்ந்தனர். அவர்களது மேற்றாடை பெரும்பாலும் இயல்பாக வளரும் ஆற்றல் கொண்டிருந்தமை 1990இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது. குழந்தைப்பருவத்திற் சிகிச்சை பெற்ற பலரின் மேற்றாடை பின்தங்குவதற்கு, பிளவைக் காட்டிலும் சத்திரசிகிச்சை விட்ட வடுவே பெரிதும் காரணம் என்ற முடிவுக்கு இது வலுவூட்டியது. அத்தகையோரிற் சிலருக்கே பிற்காலத்தில் மேற்றாடையை முன்நகர்த்த வேண்டியுள்ளது. ஆயினும், உலக மருத்துவத்திற்குக் கிடைத்த இவ்வரிய அறிவு, உரிய வயதில் சிகிச்சை எட்டாத நம் மக்களின் முகங்களிலிருந்தே பெறப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

மெல்லவும் பேசவும் மூச்சுவிடவும் இடர்ப்படுபவருக்கு இச்சிகிச்சை அழகுக்கான ஆடம்பரமன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் இடையறாது மருத்துவமனைக்கு வந்துபோதல் நாட்கூலி பெறும் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லாதவிடத்தும், பயணச்செலவும் இழந்த கூலியும் அவர்களை இடைவழியில் நிறுத்திவிடக்கூடும். எனவே பல்சீராக்க வசதி நகரங்களோடு நின்றுவிடாது மாவட்டந்தோறும் விரிதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.