'கெடாத பலகை' என்று சொல்லி விற்கலாமா?

சுற்றுலா விடுதிகளிலும் வீட்டு பல்கனிகளிலும் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த தளப் பலகைகள் பதிக்கப்பட்டு வருகின்றன. கறையான் தொல்லை இல்லை, ஆண்டுதோறும் வார்னிஷ் பூசும் செலவும் இல்லை. இவை உண்மையான நன்மைகள். ஆனால் "ஒரு பராமரிப்பும் வேண்டாம்" என்று விற்கும்போதே வியாபாரிக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. சில மாதங்களில் வாடிக்கையாளர் முறைப்பாட்டுடன் கடைக்கு வருவார். வழமையான முறைப்பாடுகளையும் அவற்றுக்கான பரிகாரத்தையும் பார்ப்போம்.

பலகை மேலெழும்புதல்: இப்பலகை வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இடைவெளியின்றி நெருக்கிப் பதித்தால் வளைந்து எழும்பும். தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியை இரு முனைகளிலும், சுவரோரத்திலும் விட வேண்டும்.

தொய்வு: இது மரத்தைப் போல விறைப்பானதல்ல. கீழுள்ள தாங்கு சட்டங்களுக்கிடையிலான தூரம் பொதுவாக 16 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. படிக்கட்டுகளில் இன்னும் நெருக்கம் தேவை. செலவைக் குறைக்கச் சட்டங்களைக் குறைத்தால் பின்னர் தளத்தையே கழற்ற நேரிடும்.

பூஞ்சணம்: பலகையிலுள்ள மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். காற்றோட்டமில்லாத நிழலான இடங்களில் கரும்புள்ளிகள் தோன்றும். தளத்தின் கீழ் காற்றுச் செல்லவும் நீர் வடியவும் வழிவிட வேண்டும். சருகுகளை அகற்றி, சவர்க்கார நீரும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவினால் போதும். அதிக அழுத்தத்தில் நீரைப் பீச்சினால் மேற்பரப்பு பழுதாகும். வெளிப்புறம் பிளாஸ்டிக் உறையிட்ட பலகையில் இத்தொல்லை குறைவு. விலைதான் சற்று அதிகம்.

நிறம் மங்கலும் சூடும்: உறையில்லாத பலகை முதல் சில மாதங்களில் வெளிறும். கடும் நிறப் பலகைகள் நண்பகலில் வெறுங்காலைச் சுடும். நீச்சல் தடாகம், வுழூச் செய்யும் இடம் போன்றவற்றுக்கு இளநிறமே பொருத்தம்.

கடலோரக் கட்டடமாயின் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூக்களையே சிபாரிசு செய்யுங்கள். சாதாரண ஸ்குரூ உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும்.

இவற்றில் அநேகமானவை பதிக்கும் முறையால் வரும் குறைகள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகப் பிழையான பதிப்பை உள்ளடக்காது. ஆகவே பதிக்கும் பாஸிடம் அறிவுறுத்தல் தாளைக் கையளியுங்கள். பலகையின் வகையையும் உத்தரவாத நிபந்தனைகளையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். களஞ்சியத்திலும் பலகைகளைச் சமதளத்தில், வெயில் படாமல் அடுக்குங்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வியாபாரியிடம் கேட்டார்கள். மூன்று மாதம் வெயிலில் கிடந்து வெளிறிய ஒரு துண்டையும் புதிய மாதிரியின் அருகே மேசையில் வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஓரிருவர் வாங்காமல் போகக்கூடும். வாங்கிச் செல்பவரோ முறைப்பாட்டுடன் திரும்பி வரமாட்டார். அடுத்த வாடிக்கையாளரை அழைத்து வருவார்.