சராசரி சரிதான், சர்க்கரை சரியா?

என் அப்பாவுக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைப்பார். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அந்தத் தாள்களை எக்ஸெலில் ஏற்றினேன். இரண்டு வாரத்துக்குச் சராசரி எடுத்துப் பார்த்தால் இரண்டுமே 120. "பார்த்தியா, எல்லாம் சரியா இருக்கு" என்றார் அப்பா. நானும் நம்பிவிட்டேன். கல்லூரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவன் செய்யக் கூடாத தவறு அது.

சராசரி எதை மறைக்கிறது?

அந்த எண்களை நீங்களே பாருங்கள்.

முதல் வாரம்: 114, 124, 118, 127, 120, 121, 116
இரண்டாம் வாரம்: 92, 148, 101, 139, 118, 96, 146

இரண்டின் கூட்டுத்தொகையும் 840. ஏழால் வகுத்தால் 120. ஆனால் இரண்டாம் வாரத்தில் சர்க்கரை ஊஞ்சல் ஆடியிருக்கிறது. இந்த ஆட்டத்தை ஒரே எண்ணில் சொல்வதுதான் ஸ்டாண்டர்டு டீவியேஷன், தமிழில் திட்ட விலக்கம். ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதன் வர்க்கங்களைக் கூட்டி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் வாரத்துக்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 122. அதை 6 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 4.5. இரண்டாம் வாரத்துக்கோ 24.3!

பயப்பட வேண்டாம், கணக்கை எக்ஸெல் போட்டுவிடும்.

1. எண்களை பி2 முதல் பி8 வரை டைப் செய்யுங்கள்.
2. காலியான ஒரு செல்லில் கிளிக் செய்து, ஃபார்முலாஸ் டேபில் மோர் ஃபங்ஷன்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்கல் என்று செல்லுங்கள்.
3. எஸ், டி, டி, இ, வி என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு புள்ளியும் எஸ்ஸும் உள்ள ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். 2010 பதிப்பிலிருந்து இது இந்தப் பெயரில் இருக்கிறது.
4. பி2 முதல் பி8 வரை மவுஸால் இழுத்துக் காட்டி, ஓகே கொடுங்கள்.

ஏன் ஆடுகிறது?

"கடையை மூடிட்டு நீங்க லேட்டா சாப்பிடற மறுநாள்தான் ஏறுது" என்றார் அம்மா. சந்தேகத்தைத் தீர்க்க, அடுத்த 40 நாளும் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் எழுதினோம். டாக்டர் சொல்லியிருந்த எல்லை 130. அதற்குள் இருந்தால் 'சரி', தாண்டினால் 'அதிகம்'.

தலைப்பு வரிசையில் 'சாப்பாடு', 'நிலை' என்று இரண்டு காலம் அமைத்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, இன்செர்ட் டேபில் பிவட் டேபிளைக் கிளிக் செய்யுங்கள். 'சாப்பாடு' என்பதை ரோஸ் பெட்டிக்கும், 'நிலை' என்பதை காலம்ஸ், வேல்யூஸ் இரண்டுக்கும் இழுத்து விடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் பிவட் டேபிள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது இதுதான்:

9 மணிக்கு முன்: சரி 21, அதிகம் 3, மொத்தம் 24
9 மணிக்குப் பின்: சரி 5, அதிகம் 11, மொத்தம் 16
மொத்தம்: சரி 26, அதிகம் 14, ஆக 40

இதுதான் இருவழி அட்டவணை. இங்கே கவனம் தேவை. முன், பின் நாட்கள் சமமாக இல்லாததால் வெறும் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள். வரிசைவாரியாகச் சதவீதம் பாருங்கள். அட்டவணையில் ஓர் எண்ணின் மேல் ரைட் கிளிக் செய்து, ஷோ வேல்யூஸ் ஆஸ் என்பதில் ரோ டோட்டல் சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். சீக்கிரம் சாப்பிட்டவற்றில் 12.5 சதவீதம்தான் அதிகம். தாமதமானவற்றில் சுமார் 69 சதவீதம். காலம் வழியாகப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும்: அதிகமான 14 நாளில் 11, அதாவது சுமார் 79 சதவீதம், தாமதமான நாட்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. தாமதம்தான் காரணம் என்று இந்த அட்டவணை நிரூபிக்கவில்லை. லேட்டான நாட்களில் அப்பா கடைப் பக்கத்திலேயே பரோட்டா சாப்பிட்டிருக்கலாம்! சந்தேகப்பட வேண்டிய இடத்தைத்தான் அது காட்டும். முடிவு டாக்டருடையது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, மாத்திரையைத் தொடாமல், முதலில் சாப்பாட்டு நேரத்தை மாற்றச் சொன்னார்.

இப்போது அப்பா கடையை எட்டு மணிக்கே மூடுகிறார். காலண்டர் தாளில் சர்க்கரைக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுகிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தால், சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள்.