தியோபனோ (பைசாந்தியப் பேரரசிகள்)

தியோபனோ என்பது பைசாந்தியப் பேரரசின் அரச குடும்பங்களில் வழங்கிய கிரேக்கப் பெண்பெயர் ஆகும். 'கடவுளின் வெளிப்பாடு' என்பது இதன் பொருள். 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் இப்பெயருடைய பலர் அரசியராக இருந்ததால், ஒருவரின் வரலாறு மற்றவருடையதாக எளிதில் மாறிவிடுகிறது.

இவர்களுள் முதலாமவர் ஏதென்சைச் சேர்ந்தவர். பேரரசி ஐரீனின் உறவினர். இவருடைய கணவர் ஸ்தவ்ராக்கியோஸ் 811 இல் பல்கேரியருடனான போரில் படுகாயமுற்று, சில மாதங்களே ஆண்டார். அதன்பின் இவர் துறவியானார். ஆறாம் லியோவின் முதல் மனைவியான தியோபனோ, கணவரால் புறக்கணிக்கப்பட்டு வழிபாட்டிலேயே வாழ்ந்தவர். கிழக்கு மரபுவழித் திருச்சபை இவரைப் புனிதராகப் போற்றுகிறது.

மிகுதியாகப் பேசப்படுபவர் இரண்டாம் ரோமானோசின் மனைவி. அனஸ்தாசோ என்ற இயற்பெயர் கொண்ட இவர், மதுக்கடை நடத்தியவரின் மகள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 963 மார்ச் 15 அன்று ரோமானோஸ் இறந்தபோது, இவரே நஞ்சு கொடுத்தார் என்ற வதந்தி பரவியது. ஆனால் அதற்கு இரு நாள் முன்புதான் இவர் அன்னா என்ற மகளைப் பெற்றிருந்தார். மகன்கள் இருவரும் சிறுவர்கள். கணவரின் இறப்பால் இவர் இழக்க இருந்ததே அதிகம் என்பதால், இப்பழியை நம்புவது கடினம். அதே ஆண்டு படைத்தலைவர் நிக்கெபோரோஸ் போக்காசை மணந்தார். 969 டிசம்பரில் போக்காஸ் அரண்மனையிலேயே கொல்லப்பட்டார். இந்தச் சதியில் இவருக்குப் பங்கு இருந்ததாகவே பெரும்பாலான குறிப்புகள் கூறுகின்றன. கொலையை முன்னின்று நடத்தியவர் போக்காசின் சகோதரி மகனான யோவான் சிமிஸ்கெஸ். இவரை வெளியேற்றினால் மட்டுமே முடிசூட்டுவதாக மறைமுதுவர் பொலியூக்தோஸ் கூறியதால், யோவான் இவரை நாடு கடத்தினார். யோவான் 976 இல் இறந்தபின், மகன் இரண்டாம் பாசில் தாயைத் திரும்ப அழைத்தார்.

மற்றொரு தியோபனோ யோவானின் உறவினர். செருமானிய நூல்களில் தியோபானு எனப்படுபவர். முன்பு சிலர் இவரை ரோமானோசின் மகள் என்றே கருதினர். 972 இல் ரோம் நகரில் இரண்டாம் ஓட்டோவை மணந்தார். பேரரசரின் மகளை எதிர்பார்த்திருந்த ஓட்டோ அவையினர் சிலர், இவரைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். 983 இல் கணவர் இறந்தபோது மகன் மூன்றாம் ஓட்டோவுக்கு வயது மூன்று. அவனைக் கைப்பற்றிய பவேரியாவின் என்றியிடமிருந்து மறு ஆண்டு மீட்டு, 991 இல் இறக்கும் வரை மகன் பெயரில் ஆண்டார். 990 ஆம் ஆண்டு ராவென்னா ஆவணம் ஒன்றில், இவர் பெயர் 'பேரரசர் தியோபானியுஸ்' என ஆண்பாலில் உள்ளது. இவரது கல்லறை கோல்ன் நகரின் புனித பாந்தலியோன் தேவாலயத்தில் உள்ளது. ஊதா நிறத் தோலில் பொன்னெழுத்துகளால் எழுதப்பட்ட இவரது திருமண ஆவணம் வுல்பன்பியூட்டல் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.