முக்கால் மீட்டர் கம்பிக்குள் இத்தனை சங்கதிகளா! தெரியுமா உங்களுக்கு?

காருக்குக் கவர் போடும்போது சிக்கி ஒடிந்திருக்கும். தெருமுனை வேப்பங்கிளை தட்டியிருக்கும். வாட்டர் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் மடக்க மறந்திருப்பார்கள். எப்படியோ, வீட்டுப் பழைய காரின் ரேடியோ ஏரியல் பாதியில் முறிந்து நிற்கிறது. பாட்டு வரவேண்டிய இடத்தில் ‘கர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல். கம்பிதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். ஆனால் அந்தக் கம்பியின் நீளம், நுனியில் உள்ள குண்டு, அடியில் உள்ள பல் வாஷர், டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒயர் என ஒவ்வொன்றுக்கும் பின்னால் இயற்கையின் ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது!

நீளத்திலிருந்து தொடங்குவோம். முழுதாக இழுத்துவிட்ட ஏரியலை டேப் வைத்து அளந்தால் பெரும்பாலும் முக்கால் மீட்டரை ஒட்டி நிற்கும். ஏன் தெரியுமா? கொடைக்கானல் பண்பலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலைவரிசை 100.5 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்ற ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால், ஓர் அலையின் நீளம் கிட்டத்தட்ட 2.98 மீட்டர் என்று வரும். அதில் நாலில் ஒரு பங்கு? 74.6 சென்டிமீட்டர்! கால் அலை நீளமுள்ள கம்பி அந்த அலைக்கு மிக நன்றாக ஒத்ததிரும். பாதி முறிந்த ஏரியலில் உள்ளூர் நிலையம் மட்டும் கேட்டு, தூரத்து நிலையங்கள் காணாமல் போவது இதனால்தான். அவசரத்துக்கு ஒடிந்த அடிக்கட்டையில் செம்புக் கம்பியை இறுகச் சுற்றி, மொத்த உயரம் 75 சென்டிமீட்டர் வரும்படி நிமிர்த்திப் பாருங்கள், போன நிலையங்கள் திரும்பி வரும்!

கொடைக்கானல் என்றதும் இன்னொன்று. அந்தக் கோபுரம் இருக்கும் மலை, கீழே உள்ள சமவெளியைவிட சுமார் 1,800 மீட்டர் உயரம். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும் அங்கிருந்து கிளம்பும் பண்பலை அலை 170 கிலோமீட்டரைத் தாண்டி எட்டும்! தென் மாவட்டச் சாலைகளில் ஊர் மாறினாலும் அந்த நிலையம் கூடவே வருவது மலை செய்யும் உபகாரம். அது இருக்கட்டும், இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கிய ஊர் எது தெரியுமா? நம் சென்னைதான், 1977 ஜூலை 23 அன்று!

சரி, கம்பி ஏரியலில் பாதிதான். அது கால் அலை என்றால், மறுபாதியான இன்னொரு கால் அலை எங்கே? இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அது காரின் உடம்பு! மட்காடும் பானட்டும் கூரையுமாக விரிந்திருக்கும் அந்தத் தகடு முழுவதும் ஏரியலின் மறுபாதியாக வேலை செய்கிறது. கம்பியைக் கண்ணாடியின் மேல் நிறுத்தினால் தெரியும் பிம்பம்போல, தகட்டுக்குக் கீழே இன்னொரு கம்பி இருப்பதாகவே அலைக்குத் தோன்றும். அதனால்தான் புது ஏரியல் வாங்கும்போது கூடவே ஓரமெல்லாம் பல்பல்லாக ஒரு வாஷர் வருகிறது. அதை அலங்காரம் என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். தகட்டின் அடிப்பக்கம் நட்டை முடுக்கும்போது அந்தப் பற்கள் பெயின்ட்டைக் கிழித்து இரும்பைக் கவ்வும். முடுக்குவதற்கு முன் துளையைச் சுற்றி அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டு, வெள்ளையாக இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். முடுக்கி முடித்ததும் துரு பிடிக்காமல் மேலே கொஞ்சம் கிரீஸ். இந்த ஐந்து நிமிட வேலையை விட்டுவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏரியலும் பாதி ஏரியல்தான்!

இனி மத்திய அலைக்கு வாருங்கள், இங்கேதான் உண்மையான அதிசயம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் என்ன தெரியுமா? ஏறக்குறைய 417 மீட்டர்! அதன் கால் அலை 104 மீட்டர். முப்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கம்பி வேண்டும். முக்கால் மீட்டரை வைத்துக்கொண்டு கார் ரேடியோ எப்படி அதைப் பிடிக்கிறது? அந்த அலைக்குக் கம்பி ஒத்ததிர்வதே இல்லை. காற்றில் உள்ள மின்புலத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒரு சின்ன மின்தேக்கியாக மட்டும் நிற்கிறது. கிடைப்பது மிக மெல்லிய மின்னழுத்தம். அதைச் சிந்தாமல் ரேடியோவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அதற்காகவே அந்தக் கேபிளை எப்படிச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! முறிந்த ஏரியலோடு வெளியே வந்த பழைய கேபிளை ஒரு பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். மேலே கறுப்பு உறை. அதற்குள் பின்னிய செம்பு வலை. அதற்குள் பிளாஸ்டிக் குழாய், குழாய் முழுக்கக் காற்று. அந்தக் காற்றின் நடுவே முடிபோல மெலிந்த ஒரே ஒரு கம்பி, நெளிநெளியாகப் போகும். வலைக்கும் கம்பிக்கும் நடுவே காற்று இருந்தால்தான் சிக்னல் வலைக்குள் கசியாது. டிவி கேபிளில் மீட்டருக்கு 50 பிகோஃபாரடுக்கு மேல் மின்தேக்கம் இருக்கும். காருக்கான கேபிளில் அது வெகுவாகக் குறைவு. ஏரியலின் சொந்த மின்தேக்கமே சில பிகோஃபாரடுகள்தான் என்பதால் இந்த வித்தியாசம் பெரிது. கேபிள் எட்டவில்லை என்று மிச்சம் கிடந்த டிவி ஒயரை ஒட்டுப்போட்டுவிட்டு, ‘பண்பலை வருகிறது, மத்திய அலை வரவில்லை’ என்று ரேடியோவைக் குறை சொல்வது எவ்வளவு அநியாயம்!

கேபிளின் முனையில் சுண்டுவிரல் தடிமனில் இருக்கும் பிளக்குக்கு ‘மோட்டரோலா பிளக்’ என்று பெயர். கைபேசிக்குப் பேர்போன மோட்டரோலாவேதான்! 1930-ல் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின், ஸ்டுடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிப்போய், வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு வெளியே நிறுத்திப் பாடவிட்டார். கார் ரேடியோவுக்கு வைத்த அந்தப் பெயரே பின்னால் கம்பெனியின் பெயரானது. அந்தக் கார்களில் ஏரியல் எங்கே இருந்தது தெரியுமா? கூரைக்குள்! அன்றைய கூரைகள் மரச்சட்டத்தில் துணி இழுத்தவை. உள்ளே ஒரு கம்பி வலையைப் பதித்துவிட்டால் போதும். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்ததும் அந்த வலைக்கு வேலையில்லாமல் போயிற்று. எஃகு அலையை மறைத்துவிடும். படிக்கட்டுப் பலகைக்கு அடியிலெல்லாம் ஏரியலை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வெளியே கம்பியாக நிமிர்த்தினார்கள். கூரை பலமானதால் வெளியே வந்த கம்பிதான் நம் வீட்டுக் காரில் முறிந்து நிற்பது!

நுனிக் குண்டு எதற்கு? கண்ணில் குத்தாமல் இருக்க என்பது பாதி உண்மை. வறண்ட காற்றில் ஓடும் காரில் நிலைமின்சாரம் சேரும், கூர்மையான நுனி வழியே அது காற்றில் கசியும், கசிவு ரேடியோவில் ‘ஸ்ஸ்’ என்று இரையும். உருண்டையான நுனியில் கசிவு குறைவு! குண்டு கழன்று விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

சில ஏரியல்களில் கொடிபோல மேலேறும் சுருள் வரி இருக்கிறதே, அது? 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான கம்பி 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்தால், பின்னால் இடமும் வலமுமாக நொடிக்குச் சுமார் 1,850 ஜோடிச் சுழல்கள் கழன்று போகும். விசில் கேட்கும்! சுருள் வரி அந்தச் சுழல்களை ஒரே நேரத்தில் பிறக்கவிடாமல் கலைத்துவிடும். தொழிற்சாலைகளின் உயரமான புகைபோக்கி உச்சியில் சுற்றியிருக்கும் சுருள் தகடும் இதே வேலைக்குத்தான்.

ஏரியலை மாற்றும் வேலையில் என் மனதுக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. பழைய கேபிளை உருவுவதற்கு முன், ரேடியோ பக்கத்து முனையில் ஒரு நீளச் சணல் கயிற்றைக் கட்டிவிடுங்கள். பழையதை வெளியே இழுக்க இழுக்கக் கயிறு அதே பாதையில் வந்து நிற்கும். புதுக் கேபிளின் பிளக்கை அதில் கட்டி, உள்ளிருந்து மெதுவாக இழுத்தால் டேஷ்போர்டைப் பிரிக்காமலேயே போய்ச் சேரும்! ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். மழைத்தண்ணீர் வழிந்து வந்தாலும் தொய்வின் அடியில் சொட்டிவிடும், ரேடியோவுக்குப் போகாது. வெறும் கம்பி மட்டும் திருகிக் கழலும் மாடல் என்றால் வேலை இன்னும் சுலபம். பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீட்டர் மரைதான். பழைய அடித்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை ஜி.பி. ரோட்டுக்கோ உங்கள் ஊர் உதிரிபாகக் கடைக்கோ போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ரேடியோ போட்டதும் தானாக எழும் மோட்டார் ஏரியலா? அதற்குள் பல் வைத்த நைலான் நாடா இருக்கிறது. மேல் நட்டைக் கழற்றி ரேடியோவைப் போட்டால் மோட்டாரே பழைய கம்பியை நாடாவோடு வெளியே தள்ளிவிடும். புது நாடாவின் பற்களைச் சக்கரம் இருக்கும் பக்கம் திருப்பி நுழைத்து ரேடியோவை அணைத்தால், உள்ளே இழுத்துக்கொள்ளும்!

மாட்டியதும் மல்டிமீட்டர் எடுங்கள். பிளக்கின் நடுமுனைக்கும் கம்பிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். பிளக்கின் வெளி உலோகத்துக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கம்பிக்கும் பாடிக்கும் நடுவே இருக்கவே கூடாது.

ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ரேடியோவில் ‘டிக்டிக்டிக்’ என்று சத்தம் ஏறுகிறதா? அது என்ன தெரியுமா? உலகின் முதல் வானொலி டிரான்ஸ்மிட்டர் உங்கள் பானட்டுக்குள் ஓடுகிறது! 1887-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்பொறியைத் தெறிக்கவிட்டுத்தான் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். நம் ஸ்பார்க் பிளக்கும் அதையே செய்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்கு 100 பொறி! ஏரியல் பிளக்கைக் கழற்றியதும் சத்தம் நின்றால் குற்றவாளி ஏரியலின் எர்த். நிற்கவில்லையென்றால் சப்ளை ஒயர் வழியாக வருகிறது.

ஹெர்ட்ஸுக்குப் பத்து ஆண்டு கழித்து நம்மவர் ஒருவர் செய்ததையும் கேளுங்கள்: 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜகதீஷ் சந்திர போஸ் காட்டிய ஆய்வுகளில் அலையின் நீளம் சில மில்லிமீட்டர்களில் இருந்தது. கல்கத்தாவில் அவர் செய்த கருவிகள் 5 மில்லிமீட்டர் வரை இறங்கின! இன்றைய புதுக் கார்களின் பம்பருக்குள் இருக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலை நீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. பழைய முள் ரேடியோ என்றால் ஏரியல் சாக்கெட்டை ஒட்டியோ ட்யூனிங் குமிழுக்குப் பின்னாலோ சின்னத் துளைக்குள் ஒரு திருகு இருக்கும். 1,400 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தில் முள்ளை நிறுத்தி, சத்தம் உச்சத்துக்கு வரும்வரை அதை இழையிழையாகத் திருப்புங்கள். புதுக் கேபிளுக்கும் ரேடியோவுக்கும் அப்போதுதான் பொருத்தம் கூடும். பிறகு இருட்டியதும் மத்திய அலையை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பகலில் இந்த அலைகளை விழுங்கும் வளிமண்டல அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டு அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் திரும்பி இறங்கும். பகலில் இரைச்சல் மட்டுமே இருந்த இடங்களில் தெலுங்கும் மலையாளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் பாருங்கள்!