'கலா': ஓர் இரண்டாம் இசைத்தொகுப்பும் அதன் சமூகத் தளமும்

முதற் படைப்பினாற் பெரும் புகழீட்டிய கலைஞர் ஒருவருக்கு இரண்டாம் படைப்பு எப்பொழுதும் ஒரு சோதனைக் களமாகவே அமைகின்றது. முதற் படைப்புக்கு அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் மூலப்பொருளாகின்றது; இரண்டாவதற்கோ ஓரிரண்டு ஆண்டுகளே கிடைக்கின்றன. இதனாற்றான், முன்னைய வெற்றியை அப்படியே பிரதி செய்தல், அன்றி அதனை முற்றாகத் துறந்து பிறிதொன்றாக மாறுதல் என்னும் இரு வழிகளுள் ஒன்றைப் பலர் தேர்ந்துகொள்கின்றனர். 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் உலகறிந்த மாதங்கி அருட்பிரகாசத்தின் இரண்டாம் இசைத்தொகுப்பாகிய 'கலா' (2007) இவ்விரண்டையும் சாராத மூன்றாவதொரு வழியிற் சென்றது. அவ்வழி யாது என்பதையும், அது ஈழத்தமிழர் முன்னே, சிறப்பாக வன்னிப் பெருநிலப்பரப்பு மக்கள் முன்னே, எழுப்பும் வினாக்கள் யாவை என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. தந்தையின் பெயர்

மாதங்கி 1975 இல் இலண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். 1986 இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றார். தந்தையார் அருட்பிரகாசம், 1975 இல் இலண்டனில் உருவான ஈரோஸ் இயக்கத்தின் நிறுவுநருள் ஒருவர். 'அருளர்' என்னும் இயக்கப் பெயரைக் கொண்ட அவரே, 1977 ஆம் ஆண்டு வன்செயலின்போது அகதிகளைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றி வந்த கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியருமாவார். மகளின் முதல் தொகுப்பு (2005) 'அருளர்' என்றே பெயர் பெற்றது.

இலத்திரனியல் நடன இசையின் தொழில்நுட்ப அடிப்படை இங்குக் கவனிக்கத்தக்கது. வாத்தியக் குழுவோ முறையான இசைப் பயிற்சியோ இன்றி, தாளத்தையும் சுரத்தையும் ஒருங்கே தரும் சிறு பொறியொன்றைக் கொண்டு தனியொருவர் பாடலை ஆக்கிவிட இயலும். மாதங்கி கையாண்டது றோலண்ட் நிறுவனத்தின் எம்.சி. 505 என்னும் பொறியாகும். ஓவியமும் திரைப்படமும் கற்ற ஒருவர் இசைத்துறையுட் புக அப்பொறியே வாயிலாயிற்று. 2003 இல் வெளியான 'கலாங்' என்னும் தனிப்பாடலும் அதன் வழிப் பிறந்ததே. 'அருளர்' தொகுப்பு பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆயினும் அத்தொகுப்பில் அரசியல் பெரும்பாலும் சொல்லிலும் படத்திலுமே தங்கியிருந்தது. துப்பாக்கி, புலி, கவச வாகனம் ஆகியவை அட்டை ஓவியத்தில் அலங்காரங்களாயின. ஒலியோ இலண்டனின் பொறியொலி. உள்ளடக்கம் மூன்றாம் உலகினது, உருவம் மாநகரினது என்ற பிளவு அதில் இருந்ததெனலாம்.

2. தாயின் பெயர்

இரண்டாம் தொகுப்பு தாயின் பெயரைச் சூடியது. தந்தை அரசியலிற் கரைந்துபோக, பிள்ளைகளைப் போரினூடும் புகலிடத்தினூடும் தையல் வேலை செய்து வளர்த்தவர் அத்தாய். பிரித்தானிய அரசு வழங்கும் பதக்கங்களுக்கான தையற்பணியிலும் தம் தாயார் ஈடுபட்டிருந்தார் என, 2019 இல் தமக்கு அத்தகைய விருதொன்று அறிவிக்கப்பட்டபோது மாதங்கி குறிப்பிட்டார். பெயர் மாற்றம் வெறும் குடும்பப் பற்றின் வெளிப்பாடன்று. கொள்கையின் பெயரிலிருந்து உழைப்பின் பெயருக்கு நகர்ந்த நகர்வாக அதனை நாம் கொள்ளலாம்.

இந்நகர்வுக்குப் புறக்காரணமும் உண்டு. தொகுப்பை ஐக்கிய அமெரிக்காவிலே அந்நாட்டுத் தயாரிப்பாளருடன் உருவாக்குவதே முதலில் இருந்த திட்டம். 2006 இல் அந்நாட்டு விசா மறுக்கப்பட்டது. அதன் பின்னர் இந்தியா, திரினிடாட், யமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, யப்பான் எனப் பல நாடுகளுக்குச் சென்று, சுவிச் என்னும் பிரித்தானியத் தயாரிப்பாளருடன் இணைந்து அவர் தொகுப்பை அமைத்தார். மூடப்பட்ட எல்லையே படைப்பின் எல்லையை விரித்தது என்பது இதன் முரண்.

சென்னையில் உறுமி வாசிப்போர் பலரைக் கூட்டி ஒலிப்பதிவு செய்தமை இப்பயணத்தின் முதன்மையான விளைவாகும். உறுமியின் ஒரு முகம் வளைந்த குச்சியால் உரசப்படுவது, மறுமுகம் கோலால் அடிக்கப்படுவது. உரசும் முகத்தின் ஒலி ஒரு சுரத்தில் நில்லாது வழுக்கி ஏறி இறங்கும். கருவியின் பெயரும் அதனை உணர்த்துவதே. நடன இசைப் பொறியோ காலத்தைச் சம கூறுகளாக அரிவது. 'பேட் ஃபுளூ' என்னும் பாடலில் இவ்விரண்டும் மோதுகின்றன. கேட்போர் அதிற் காணும் பதற்றம் அம்மோதலினாற் பிறப்பதே.

இதனோடு, 'சாம்பிளிங்' எனப்படும் ஒலித்துண்டு எடுத்தாளும் முறையும் விரிவாகப் பயன்பட்டுள்ளது. 'தளபதி' (1991) படத்துக்கு இளையராசா அமைத்த பாடலொன்றின் துண்டும், 'தி கிளாஷ்' குழுவினர் 1982 இல் வெளியிட்ட பாடலொன்றின் இசையும் தொகுப்பில் உள்ளன. 'டிஸ்கோ டான்சர்' (1982) என்னும் இந்திப் படப் பாடல் ஒன்று மீளப் பாடப்பட்டுள்ளது. அவுஸ்திரேலிய ஆதிக்குடிச் சிறுவரின் குரலும் ஒரு பாடலிற் கேட்கின்றது. முதல் தொகுப்பிற் பேசப்படும் பொருளாக நின்ற உலகம், இரண்டாவதில் ஒலியை ஆக்கும் தரப்பாக மாறுகின்றது. அரசியல் உள்ளடக்கத்திலிருந்து உருவத்துக்குள் இறங்கியமையே நாம் மேற்குறித்த மூன்றாவது வழியாகும்.

3. தோற்கருவியும் சமூக உறவும்

உறுமி வன்னிக்கு அந்நியமானதன்று. வன்னியின் பழங்குடி வழக்கிற் பறைமேளமும் உடுக்கும் கூத்துக்குரிய மத்தளமும் நிலைபெற்றிருந்தன. தப்பும் உறுமியும் பெரும்பாலும் மலையகத் தமிழரின் கருவிகள். எழுபதுகளில் தோட்டப்புறத்தை வாட்டிய பஞ்சத்தாலும் 1977 ஆம் ஆண்டு வன்செயலாலும் இடம்பெயர்ந்த மலையக மக்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். அக்குடியேற்றப் பணியில் காந்தியம் இயக்கம் ஆற்றிய பங்கு பெரிது. காட்டை வெட்டி வயலாக்கிய அம்மக்களுடன் அவர்தம் கலை மரபுகளும் வந்தன.

ஆனால் இக்கருவிகளை வாசிப்போர் எத்தகைய மதிப்பைப் பெற்றனர்? பறை சாதிக் கடமையாகத் திணிக்கப்பட்ட சமூகத்தில், அதனை அடிக்க மறுப்பதே விடுதலையின் முதற்படியாகப் பலருக்குத் தோன்றியது. வடபுலத்துத் தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களின் வரலாறு இதற்குச் சான்று. ஊரிலே இழிவின் அடையாளமாக்கப்பட்ட அதே தோலொலி, இலண்டனிலும் நியூயோர்க்கிலும் புதுமையின் அடையாளமாகின்றது. கருவியின் பொருள் கருவியினுள் இல்லை. அதனைச் சூழ்ந்த சமூக உறவுகளிலேயே உள்ளது என்னும் உண்மை இதனாற் புலனாகும்.

'கலா' அவ்வொலிக்கு மதிப்பைத் தேடித் தந்தது. மறுக்கவியலாத சாதனை இது. ஆயினும் வாசித்தோருக்கு அது தேடித் தந்தது யாது என்பது வேறு வினா. உலகச் சந்தையிற் பாடகியின் பெயரும் நிறுவனத்தின் பெயருமே நிலைக்கின்றன. உறுமியாளரின் பெயர்களை அறிந்த இரசிகர் மிக அரியர். பண்டமாக விற்கப்படும் எதிர்ப்புக் கலையின் அடிப்படை முரண்பாடு இது. ஒரு தொகுப்பின் நல்லெண்ணத்தால் மட்டும் தீர்வதன்று.

4. புகழும் வன்னியும்

தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாடல், குடிபெயர்ந்தோர் அனைவரையும் குற்றவாளிகளாகக் காணும் நோக்கை எள்ளுவது. துப்பாக்கி வெடியும் காசுப்பெட்டி திறக்கும் ஒலியும் அதன் பல்லவியில் தாளமாகின்றன. 2008 இல் அப்பாடல் அமெரிக்கத் தரவரிசையில் 4 ஆம் இடத்தை எட்டி, ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. அவ்விழா நடைபெற்ற நாள் 2009 பெப்ரவரி 8 ஆகும்.

அந்நாளில் வன்னி எந்நிலையில் இருந்தது? சனவரி 2 இல் கிளிநொச்சியும் 25 இல் முல்லைத்தீவு நகரும் அரச படையினர் வசமாகியிருந்தன. பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணை வீச்சுக்கு உள்ளாயிற்று. மக்கள் கடற்கரையை நோக்கி ஒடுங்கிக்கொண்டிருந்தனர். மாதங்கி அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவற்றைப் பேசினார். அவருக்கு அவ்வொலிவாங்கியைப் பெற்றுத் தந்தது 'கலா' ஈட்டிய புகழே. ஆயினும் கிராமி மேடையில் அவர் நிறைமாதக் கர்ப்பிணியாய்த் தோன்றிய காட்சி பேசப்பட்ட அளவுக்கு அவர் சொன்னது பேசப்படவில்லை. மே மாதம் போர் முடிந்தது. பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாமென ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011 இற் குறிப்பிட்டது.

இன்னொன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. போராளியின் படிமத்தை அலங்காரமாகக் கையாளும் கலை, வன்னி மக்களின் அனுபவத்தை எளிமைப்படுத்திவிடுகின்றது. அரசின் எறிகணைகளுக்கு அஞ்சிய அம்மக்களே, பிள்ளைகளைக் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பறிகொடுத்தும் வெளியேற விடாது தடுக்கப்பட்டும் வாடினர். முதல் தொகுப்பின் சுவரொட்டி அரசியலில் இவ்விருமுனைத் துயருக்கு இடமில்லை. தாயின் பெயரைக் கொண்ட இரண்டாவதிலும் அது நேரே பேசப்படவில்லை. எனினும் வென்றவரையும் வீழ்ந்தவரையும் விடப் பிழைத்துச் சுமப்பவரை மையமாக்கும் ஒரு பார்வைக்கு அது வாயில் திறந்தது.

'எம்.ஐ.ஏ.' என்பது ஆங்கிலத்திலே போர்க்களத்திற் காணாமற்போனோரைக் குறிக்கும் படைத்துறைச் சுருக்கம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல், காணாமலாக்கப்பட்ட தம் உறவுகளைக் கேட்டு அமர்ந்தோரிற் பெரும்பாலார் தாய்மாரே. ஒரு கலைஞர் பெயராகச் சூடிய சொல், வன்னியில் விடை காணாத வினாவாக நிற்கின்றது.

முடிவாக, ஒரு கடமையைச் சுட்ட விரும்புகின்றோம். வவுனியாவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகம் உருவாகியுள்ளது. வன்னியின் பறைமேள, தப்பு, உறுமிக் கலைஞர்களது அடிமுறைகளையும் இடப்பெயர்வு வரலாற்றையும் அவர்தம் பெயருடனும் சம்மதத்துடனும் பதிவு செய்தல் இன்று இயலும் பணியாகும். நாளை எவரேனும் அவ்வொலியை எடுத்து உலகுக்கு இசைப்பின், வாசித்தவர் இன்னார் என்று சொல்ல ஓர் ஏடேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.